ஒரு பாத்தி பித், ஒரு ஏக்கர் பொட்டாஷ்: நார்க்கழிவுக் களத்தில் மாணவர் குழு போட்ட உப்புக் கணக்கு

பின்னணி

கிணத்துக்கடவுக்கும் பொள்ளாச்சிக்கும் இடையில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே இயங்கும் ஒரு நடுத்தர நிறுவனம் இது. சுற்றுவட்டார மஞ்சி மில்களில் மட்டையிலிருந்து நார் பிரித்த பிறகு மிஞ்சும் தூளை லோடு கணக்கில் வாங்குகிறது. சிமெண்ட் களத்தில் காயவைத்து, சலித்து, 5 கிலோ பிளாக்காக அழுத்தி ஏற்றுமதியாளர்களுக்குக் கொடுக்கிறது. வேளாண் துறை இதைத் தென்னை நார்க்கழிவு என்று எழுதும். களத்தில் இதற்குப் பெயர் பித்.

பிளாக்கில் இரண்டு ரகம் உண்டு. கழுவாமல் அழுத்தினால் ஹை ஈசி. கழுவி உப்பை இறக்கிய பிறகு அழுத்தினால் லோ ஈசி. பித்தில் இயல்பாகவே பொட்டாசியம், சோடியம், குளோரைடு உப்புகள் இருக்கின்றன. பசுமைக்குடிலில் நாற்று வளர்ப்பவருக்கு அந்த உப்பு ஆகாது. அதனால் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன், அதாவது ஈசி, 0.5 மில்லிசீமன்ஸுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று வாங்குபவர் கேட்கிறார். இந்த நிறுவனம் வாரத்துக்கு ஒரு பாத்தி லோ ஈசி போட்டுவந்தது. ஒரு பாத்தி என்பது 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 30 செ.மீ. உயரத்துக்குப் பரப்பிய பித். கன அளவு 60 கன மீட்டர். அதில் ஏறக்குறைய ஆயிரம் பிளாக் தேறும்.

கழுவிய தண்ணீர் களத்தின் கிழக்கோரம் இருந்த மண் குழியில் விழுந்து அங்கேயே இறங்கியது. கீழ்ப்பக்கத்துத் தோட்டக்காரரின் கிணற்றுத் தண்ணீர் சில ஆண்டுகளில் டீ நிறத்துக்கு மாறியது. அவர் முதலில் நேரில் வந்து சொன்னார், பிறகு எழுத்து மூலம் புகார் கொடுத்தார். 2021-ல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நார்த் தொழிலை மாசு குறைந்த வெள்ளை வகையிலிருந்து மாசு கூடிய ஆரஞ்சு வகைக்கு மாற்றியிருந்ததால், இசைவாணை இல்லாமல் தொழில் நடத்த முடியாத நிலையும் சேர்ந்துகொண்டது.

இந்தக் கட்டத்தில் கோவையிலுள்ள ஒரு பொறியியல் கல்லூரியின் இறுதியாண்டுச் செயல்திட்டமாக இது எடுக்கப்பட்டது. குழுவில் வேதிப் பொறியியல் மாணவர் இருவர், கட்டடப் பொறியியல் இருவர், வேளாண் பொறியியல் ஒருவர், மேலாண்மைத் துறை ஒருவர், வழிகாட்டியாக ஒரு பேராசிரியை. நிறுவனத்தின் சார்பில் உரிமையாளரும் களத்து மேஸ்திரியும் இருந்தார்கள். அளவீடுகளை நிறுவனம் மறைக்காது, கல்லூரி நிறுவனத்தின் பெயரை வெளியிடாது என்று ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள்.

கேட்டதும் எடுத்துக்கொண்டதும்

உரிமையாளர் கேட்டது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் வரைபடம். கொங்குப் பகுதியில் கழிவுநீர் என்றாலே திருப்பூர்தான் நினைவுக்கு வரும். 2011-ல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதும், பிறகு சவ்வு வழியே உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ., ஆவியாக்கி என்று அடுக்கடுக்காகப் போட்டு ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு அவை மாறியதும் இங்கே எல்லோருக்கும் தெரியும். ‘அதையே சின்னதாகப் போட்டுக்கொடுங்கள்’ என்பதுதான் உரிமையாளரின் எதிர்பார்ப்பு. ஒரு விற்பனையாளரிடம் கொட்டேஷனும் வாங்கி வைத்திருந்தார்.

மாணவர்களில் இருவர் அந்த வழியிலேயே உடனே தொடங்க விரும்பினார்கள். பேராசிரியை ஒரு நிபந்தனை வைத்தார்: எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு என்று தெரியாமல் ஒரு கோடும் வரையக்கூடாது. போர் குழாயில் தண்ணீர் மீட்டர் மாட்டுவது, நான்கு பாத்திகளை முழுதாக உடனிருந்து அளப்பது, அதன் பிறகே வடிவமைப்பு என்று முடிவானது. பதினாறு வாரச் செமஸ்டரில் ஐந்து வாரம் இதற்கே போனது. அந்த ஐந்து வாரம் இல்லையென்றால் தவறான ஒன்றை நேர்த்தியாகக் கட்டி முடித்திருப்பார்கள்.

களத்தில் கண்டது

கழுவும் வேலை இரண்டு பெண்களின் கையில் இருந்தது. ஒன்றரை இஞ்ச் ஹோஸைப் பிடித்துப் பாத்தியின் மேல் நடந்தபடியே தண்ணீர் அடிப்பார்கள். ஓரத்தில் வடியும் தண்ணீர் கருப்பிலிருந்து பழுப்பாகி, வெளிர் மஞ்சளுக்கு வந்தால் நிறுத்துவார்கள். மீட்டர் காட்டிய கணக்கு, பாத்திக்கு 1,20,000 லிட்டர்.

ஹோஸ் விழுந்த இடத்தில் பள்ளம் விழுந்து, தண்ணீர் அந்த வழியாகவே நேராக இறங்கியது. பாத்தியின் நடுவில் கையை விட்டு அள்ளிப் பார்த்தால், ஓரிடத்தில் பிழியப் பிழியத் தண்ணீர், ஒரு முழம் தள்ளி வெறும் ஈரம். இரண்டு இடத்து மாதிரியையும் சோதித்தபோது ஒன்று 0.45, மற்றது 1.1. பாத்தி முழுவதற்கும் ஒரே எண்ணைச் சொல்வது அந்த நிலையில் பொருளற்றது.

நிறமும் உப்பும் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை என்பது அடுத்துத் தெரிந்தது. உப்பு தண்ணீரில் சட்டென்று கரையும். நிறம் தருவது டேனின் வகைப் பொருள்கள், அவை மெல்லக் கசிபவை. வடிநீரின் ஈசி முதலில் 9 முதல் 10 வரை இருந்தது. 60,000 லிட்டர் போனபோது 3, 90,000-ல் 2.1, கடைசியில் 1.8. நிறமோ கடைசி மணி நேரம் வரை மாறிக்கொண்டே இருந்தது. “நெறம் போனா உப்பும் போயிருச்சுன்னுதானுங்க இத்தன வருசமும் நெனச்சுட்டிருந்தோம்” என்றார் ஹோஸ் பிடிப்பவர்களில் மூத்தவர்.

1.8-க்குக் கீழே வடிநீர் இறங்காததற்குக் காரணம் போர் தண்ணீரே. அதன் ஈசி 1.6, அதாவது லிட்டருக்குச் சுமார் 1,000 மி.கி. உப்பு. மேற்கே அரை கிலோமீட்டர் மேட்டில் இருந்த கிணற்றில் 0.8. கீழ்ப்பக்கத்துக் கிணற்றில் 1.9. கழுவிய உப்பு குழி வழியாக நிலத்தடிக்குப் போய், போரில் திரும்பி வந்து, அதே பித்தைக் கழுவ வந்துகொண்டிருந்தது என்பதற்கு இந்த வரிசை போதுமான அடையாளம். வெளியே விடும் கழிவு அயலாரைத்தான் பாதிக்கிறது என்று நினைத்திருந்த உரிமையாளரின் மனத்தைத் திருப்பியது இந்த மூன்று எண்கள்தான்.

அளவீட்டில் நடந்த ஒரு குழப்பத்தையும் குறிப்பிட வேண்டும். மாணவர்கள் முதலில் ஆய்வக வழக்கப்படி எடைக்கு எடை, ஒன்றுக்கு ஐந்து என்று கலந்து அளந்தார்கள். வாங்குபவரோ கன அளவில் ஒன்றுக்கு ஒன்றரை முறையைப் பயன்படுத்துகிறார். இரண்டு எண்களும் ஒத்துப்போகவில்லை. இரண்டாவது வாரத்திலிருந்து எல்லாரும் ஒரே முறைக்கு வந்தார்கள். பித்தைக் கையில் பிழிந்தால் விரலிடுக்கில் தண்ணீர் துளிர்க்கும் அளவுக்கு நனைக்க வேண்டும். அதை 100 மி.லி. அளவுக்கு லேசாக அழுத்தி நிரப்பி, 150 மி.லி. வாலைவடிநீரில் கொட்டிக் கலக்கி, இரண்டு மணி நேரம் வைத்து, வடிகட்டி அளக்க வேண்டும். ஒரு பாத்திக்கு ஒன்பது இடத்தில், மேல், நடு, அடி என்று மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். மீட்டரை வாரம் ஒருமுறை, ஈசி 1.413 என்று தெரிந்த நிலைக்கரைசலில் சரிபார்க்க வேண்டும். வெப்பத்தைத் தானே ஈடுகட்டும் மீட்டராக இருப்பது அவசியம். அடிப்படையான 25 டிகிரிக்கு மேல் ஒரு டிகிரிக்கு ஈசி ஏறக்குறைய 2 சதவீதம் கூடும் என்பதால், வெயிலில் 35 டிகிரி சூடேறிய வடிநீரைச் சாதாரண மீட்டரில் அளந்தால் 20 சதவீதம் கூடுதலாகக் காட்டும்.

உப்புக் கணக்கு

ஆய்வின் அடித்தளம் இந்தப் பகுதி. 60 கன மீட்டர் பித்தில் உலர் எடை 4 டன்னுக்குச் சற்று மேல். பித் தன் எடையைப் போல் ஏழு, எட்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கும். நனைந்து வடிந்த பாத்தியில் 30,000 லிட்டர் தண்ணீர் தங்கியிருக்கும். அதில் கரைந்திருக்கும் உப்பு சுமார் 200 கிலோ. வாரம் ஒரு பாத்தி என்றால் ஆண்டுக்கு 50 பாத்தி. ஆக, 10 டன் உப்பு அந்தக் குழி வழியாக மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. தண்ணீரைக் கூட்டினாலும் குறைத்தாலும் இந்த 10 டன் மாறாது.

ஆய்வக முடிவுப்படி அந்த 200 கிலோவில் பொட்டாசியம் 70 கிலோ, சோடியம் 25 கிலோ. மீதியில் பெரும்பங்கு குளோரைடு. 70 கிலோ பொட்டாசியத்தை உரக்கணக்கில் பொட்டாஷாக மாற்றினால் 84 கிலோ. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி காய்க்கும் நெட்டை மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 1,200 கிராம் பொட்டாஷ், 2 கிலோ மியூரேட் ஆஃப் பொட்டாஷ் மூலம் தர வேண்டும். 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம். எழுபதை 1.2-ஆல் பெருக்கினால் அதே 84 கிலோ. ஒரு பாத்தியில் கழுவி வருவது ஒரு ஏக்கர் தென்னைக்கு ஒரு வருடப் பொட்டாஷ்.

இந்தக் கணக்கைப் போட்டவர் வேளாண் பொறியியல் மாணவி. ‘எங்கள் தோப்புக்குத்தானே பாய்கிறது, தென்னைக்கு உப்பு நல்லதுதானே’ என்று அதுவரை சொல்லப்பட்டுவந்த வாதத்துக்கு இதில் பதில் கிடைத்தது. தென்னை குளோரைடையும் பொட்டாஷையும் விரும்பும் மரம் என்பது உண்மை. உரிமையாளரின் தோப்பு 10 ஏக்கர். அதனால் ஆண்டுக்குப் பத்துப் பாத்தித் தண்ணீரை ஏற்கும். அவர் 50 பாத்தித் தண்ணீரையும் குழியை ஒட்டிய 2 ஏக்கரில் விட்டுவந்தார். அந்த 2 ஏக்கர் தேவையைப் போல் 25 மடங்கு பெற்றுக்கொண்டிருந்தது. மரம் எடுத்தது போக மிச்சமெல்லாம் கிணற்றுக்குப் போயிற்று.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஆர்.ஓ. நிலையம் முதலில் தள்ளப்பட்டது. ஆர்.ஓ. உப்பை அழிக்காது, சிறு அளவுத் தண்ணீரில் ஒதுக்கித் தரும். அந்த ஒதுக்குநீரை வைக்க இடம் இல்லாமல் நிலையம் கட்டினால் பிரச்சினை இடம் மாறுமே தவிரக் குறையாது. மேலும் டேனின் நிறைந்த தண்ணீரில் சவ்வு சீக்கிரம் அடைபடும். முன்சுத்திகரிப்புச் செலவு வாரம் ஒரு பாத்திக்குக் கட்டுப்படியாகாது.

நல்ல தண்ணீரைக் கலந்து, கழிவுநீரில் கரைந்த உப்புக்கு உள்ள லிட்டருக்கு 2,100 மி.கி. வரம்புக்குள் கொண்டுவந்து விடலாம் என்ற யோசனையும் மேஸ்திரியிடமிருந்து வந்தது. எண்ணைக் காட்ட அது உதவும், 10 டன் அப்படியே இருக்கும். குழு அதை ஏற்கவில்லை, ஏன் என்பதையும் மேஸ்திரிக்கு விளக்கியது.

மிஞ்சிய வழி சூரிய ஆவியாக்கத் தொட்டி. அந்தப் பகுதியின் வெயிலையும் மழையையும் கழித்துப் பார்த்ததில், ஒரு சதுர மீட்டர் தொட்டி ஆண்டுக்கு நிகரமாக 600 லிட்டர் ஆவியாக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள். பழைய முறையில் ஆண்டுக்கு 55 லட்சம் லிட்டர் வடிகிறது. அதற்கு இரண்டேகால் ஏக்கர் தொட்டி வேண்டும். அவ்வளவு நிலம் யாரும் தரமாட்டார்கள். ஆகவே தண்ணீரைக் குறைப்பது முதல் வேலை ஆனது. தொட்டியின் அளவைத் தீர்மானிப்பது கழுவும் முறை.

கழுவும் முறையில் மூன்று மாற்றங்கள் செய்தார்கள். ஹோஸுக்குப் பதிலாக மழைத்தூவல் போல் தெளிக்கும் ரெயின் ஹோஸ், இரண்டு மீட்டருக்கு ஒன்று வீதம், பாத்தியை மட்டம் பார்த்துப் பரப்பிய பிறகே. தொடர்ந்து அடிக்காமல் 20 நிமிடம் தெளித்து 20 நிமிடம் விடுவது. பித் பஞ்சு போன்றது, நுண்ணறைக்குள் இருக்கும் உப்பு வெளியே வர அவகாசம் வேண்டும்.

அடுத்த மாற்றம், ஒரு பாத்தியின் கடைசித் தண்ணீரை அடுத்த பாத்தியின் முதல் தண்ணீராக்குவது. வடிகாலின் முடிவில் இரண்டு தொட்டி. வடிநீரின் ஈசி 4-க்கு மேல் இருக்கும்வரை ஒன்றுக்கு, கீழே இறங்கியதும் வடிகாலை அடைக்கும் பலகையை மாற்றி மற்றொன்றுக்கு. களத்தில் இவற்றுக்குக் கெட்டித் தண்ணி, லேசுத் தண்ணி என்று பெயர் விழுந்தது. வடிநீரின் ஈசி 10 வரை போகும் புதுப் பித்தை முதலில் கழுவ 1.6 உள்ள போர் தண்ணீர் தேவையில்லை, 2.6 உள்ள லேசுத் தண்ணி போதும்.

மூன்றாவது மாற்றம் கடைசி அலசலுக்கு மழைநீர். சோதனை முறையின்படி, பித்தில் தங்கும் தண்ணீரின் ஈசியில் கால் பங்கு முடிவில் தெரியும். போர் தண்ணீரின் 1.6-ல் கால் பங்கு 0.4. எவ்வளவு கழுவினாலும் 0.4-க்குக் கீழே போகாது, 0.5-ஐத் தொடுவதே பெரும்பாடு. கடைசி 25,000 லிட்டர் மழைநீராக இருந்தால் அந்தத் தடை விலகும். இரண்டு ஷெட்டின் கூரை 1,500 சதுர மீட்டர். ஒரு மி.மீ. மழைக்கு 1,500 லிட்டர். 650 மி.மீ. மழையில் 15 சதவீதம் வீணானாலும் 8 லட்சம் லிட்டருக்கு மேல் கிடைக்கும். 33 பாத்திக்குக் காணும் என்று கணக்கிட்டார்கள். அதைச் சேமிக்க 2 லட்சம் லிட்டர் தார்ப்பாய்க் குட்டை.

மழைநீர் இருந்தால் பாத்திக்குப் புதுத் தண்ணீர் 45,000 லிட்டர், அதில் போர் தண்ணீர் 20,000. கெட்டித் தண்ணியாக வடிவது 35,000. மழைநீர் இல்லாவிட்டால் போர் தண்ணீர் 60,000, வடிவது 50,000, ஈசி 0.55-ல் நிற்கும். அப்படிப்பட்ட பாத்தியை 0.5 கேட்பவருக்கு அனுப்பக்கூடாது என்று எழுதிவைத்தார்கள்.

கெட்டித் தண்ணியில் ஆண்டுக்குப் பத்துப் பாத்தி அளவு தோப்புக்கு, வாரியத்தின் இசைவோடு. அந்த ஆண்டு பொட்டாஷ் உரம் நிறுத்தப்படும். ஏற்கெனவே உப்பேறிய 2 ஏக்கருக்கு ஒரு சொட்டும் கிடையாது, அவற்றின் பங்கு மற்ற 8 ஏக்கருக்குப் போகாமல் தொட்டிக்குப் போகும் என்று மாணவி வாதிட்டார். உரிமையாளர் பத்தையே கேட்டார். முதல் ஆண்டுக்குப் பத்து, மண் பரிசோதனை பார்த்து அடுத்த ஆண்டு எட்டு என்று முடிந்தது. செம்மண் சரளை நிலம் என்பதால்தான் இதற்கும் சம்மதித்தார்கள். பக்கத்துக் கரிசலில் இதே தண்ணீரை விட்டால் சோடியம் மண்ணை இறுக்கிவிடும். மிச்சம் எல்லாம் 60 சென்ட் ஆவியாக்கத் தொட்டிக்கு, 500 மைக்ரான் எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் தாள் விரித்து, நான்கு தடுப்பாக.

கால்சியம் நைட்ரேட் போட்டுப் பதப்படுத்தும் பஃபர் ரகத்தை நிறுத்தச் சொல்லிக் குழு கேட்டது. கால்சியம், பித்தில் ஒட்டியிருக்கும் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் வெளியே தள்ளும். கூடவே நைட்ரேட்டும் வடியும். குடிநீரில் நைட்ரேட் வரம்பு லிட்டருக்கு 45 மி.கி. மட்டுமே. நல்ல விலை போகும் ரகம் என்பதால் உரிமையாளர் மறுத்தார். தனிச் சிமெண்ட் தொட்டியில் செய்து, அந்த வடிநீரைத் தோப்புக்குப் போகும் பங்கில் முதலிடமாகச் சேர்த்து, தழைச்சத்துக் கணக்கில் கழிப்பது என்று உடன்பட்டார்கள்.

சென்சார் பதித்து மொபைலில் ஈசி காட்டும் கருவி வேண்டும் என்று இரண்டு மாணவர்கள் கடைசிவரை கேட்டார்கள். மதிப்பெண்ணுக்கு அது அழகாக இருக்கும். ஆனால் டேனின் படிந்த முனையைத் தினமும் துடைக்காவிட்டால் எண் தவறும். பேனா மீட்டரும் சுவரில் ஒரு கரும்பலகையும் போதும் என்று முடிவானது.

நடைமுறைக்கு வந்தபோது

முதல் எதிர்ப்பு களத்திலிருந்து வந்தது. “அழுக்குத் தண்ணியில கழுவுனா எப்படி கண்ணு சுத்தமாகும்?” என்று மூத்த பெண்மணி நேராகவே கேட்டார். மாணவர்கள் பேசி விளக்கப் பார்க்கவில்லை. இரண்டு பக்கெட்டில் ஒரே பித்தைப் போட்டு, ஒன்றை லேசுத் தண்ணியிலும் பிறகு மழைநீரிலும், மற்றதை முழுக்கப் போர் தண்ணீரிலும் அவரையே கழுவச் சொல்லி, மீட்டரை அவர் கையில் கொடுத்தார்கள். 0.42, 0.58. “இந்தக் கருப்புத் தண்ணியில கழுவுனதா கம்மி?” என்று இரண்டாவது முறையும் அளந்து பார்த்தார். அன்றிலிருந்து கரும்பலகையில் எண் எழுதுவது அவர் பொறுப்பு. வடிகால் பலகையை மாற்றும் நேரத்தையும் அவரே சொல்கிறார்.

லேசுத் தண்ணி ஒரு வாரம் தேங்கியதில் நாற்றமெடுத்தது. வழவழப்பு படிந்து ரெயின் ஹோஸின் துளைகள் அடைத்தன. அரை எச்.பி. மோட்டார் வைத்துக் காலையும் மாலையும் அரை மணி நேரம் அதே தொட்டியில் ஊற்றுப்போல் விழவிட்டதும் நாற்றம் நின்றது. ஹோஸின் கடைமுனை மூடியைக் கழற்றி, ஒவ்வொரு பாத்திக்குப் பிறகும் நல்ல தண்ணீரை ஐந்து நிமிடம் ஓடவிடுவது வழக்கமானது. பித்தின் பொடி மிதந்து வந்து ஃபுட் வால்வை அடைத்ததற்கு, வடிகாலின் முடிவில் கொசுவலை கட்டிய இரட்டைச் சட்டம் வைத்தார்கள். ஒன்றைக் கழுவும்போது மற்றது நிற்கும்.

ஆவியாக்கத் தொட்டியில் இரண்டாவது தடுப்பின் மட்டம் வெயிலுக்கு இறங்க வேண்டியதைவிட வேகமாக இறங்கியது. பக்கத்தில் ஒரு அலுமினியச் சட்டியில் அதே தண்ணீரை வைத்து ஒப்பிட்டதில் தாளின் ஒட்டு விட்டிருப்பது தெரிந்தது. ஒட்டும் அன்று தாளில் தூசி இருந்திருக்கிறது. மறுபடி துடைத்து, வெயில் தாழ்ந்த பிறகு ஒட்டினார்கள். அந்தச் சட்டி இன்றும் அங்கேயே இருக்கிறது. தொட்டி ஒழுகுகிறதா என்று பார்க்க அதைவிட மலிவான வழி இல்லை.

செமஸ்டர் முடிந்தபோது ஒட்டு வேலையும் மழைநீர்க் குட்டையும் பாக்கி. தேர்வு, விடுமுறை என்று ஏழு வாரம் களத்துக்கு யாரும் வரவில்லை. அந்த இடைவெளியில் முறை உடையாமல் இருந்ததற்குக் காரணம், எண் எழுதுபவரும் பலகை மாற்றுபவரும் களத்து ஆட்களாகவே இருந்ததுதான்.

முதல் ஆண்டின் விளைவு

மழைநீர் 33 பாத்திக்குக் காணும் என்ற கணக்கு பலிக்கவில்லை. 22 பாத்திக்குத்தான் கிடைத்தது. வடகிழக்குப் பருவமழை கொத்தாகப் பெய்ததில் 2 லட்சம் லிட்டர் குட்டை நிரம்பி வழிந்தது. மார்ச்சுக்குப் பிறகு மிச்சமிருந்தது வெயிலில் வற்றியது. ஆண்டு மொத்தத்தை வைத்துக் கணக்கிட்டவர்கள் மாத வரத்தையும் செலவையும் எதிரெதிரே வைத்துப் பார்த்திருந்தால் இது முன்பே தெரிந்திருக்கும்.

மழைநீர் குறைந்ததால் போர் தண்ணீர்ப் பாத்தி கூடியது. அதனால் கெட்டித் தண்ணியும் கூடி, நவம்பரில் ஆவியாக்கத் தொட்டி விளிம்பை நெருங்கியது. சில வாரம் கழுவலை நிறுத்தி, ஹை ஈசி பிளாக் மட்டும் போட்டார்கள். ஆண்டு முழுவதற்கும் லோ ஈசி 50 பாத்திக்குப் பதில் 42 பாத்தி. எட்டுப் பாத்தி விற்பனை குறைந்ததை உரிமையாளர் கணக்கில் காட்டினார். அதே கணக்கில், முன்பு ஆறு பாத்திக்கு ஒன்று ஈசி தாண்டித் திரும்பக் கழுவப்பட்டதும், இப்போது 42-ல் இரண்டு மட்டும் அப்படி ஆனதும் இருந்தது. பாத்திக்கு போர் ஓடும் நேரம் பாதிக்கும் கீழே வந்தது.

தோப்பில் பொட்டாஷ் உரம் வாங்கவில்லை. இலையிலோ காய்ப்பிலோ வேறுபாடு ஓராண்டில் தெரியாது, தென்னையில் பலன் காண இன்னும் இரண்டு ஆண்டு ஆகும். கீழ்ப்பக்கத்துக் கிணற்றின் ஈசி 1.9-லிருந்து மழைக்குப் பிறகு 1.7 ஆனது. மழையால் நீர்த்ததா, குழி மூடியதால் குறைந்ததா என்று ஓராண்டு அளவை வைத்துச் சொல்ல முடியாது. நிறம் மாறவில்லை. தோட்டக்காரர் புகாரைத் திரும்பப் பெறவில்லை. அது அவர் உரிமை, குழுவும் அதைக் கேட்கவில்லை. தன் கிணற்றில் மாதம் ஒருமுறை அளக்க மட்டும் அனுமதித்தார். அளந்த எண்ணை அவருக்கும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறார்கள்.

மாற்ற வேண்டியவை

இதே வேலையை வேறொரு குழு எடுப்பதாக இருந்தால், கீழ்ப்பக்கத்துத் தோட்டக்காரரை முதல் வாரத்திலேயே உட்காரவைத்துப் பேச வேண்டும். இங்கே அவரிடம் போனது எட்டாவது வாரத்தில். அதற்குள் கல்லூரி, நிறுவனத்தின் ஆள் என்று அவர் முடிவுகட்டியிருந்தார். பாதிக்கப்பட்டவரின் கிணற்று அளவு தொடக்கத்திலேயே கிடைத்திருந்தால் ஒப்பிட ஒரு வருடக் கணக்கு கையில் இருந்திருக்கும்.

மழைநீர்க் குட்டை 4 லட்சம் லிட்டராகவும், மேலே நிழல்வலை போட்டும் இருக்க வேண்டும். கட்டும் வரிசையும் மாற வேண்டும்: ஆவியாக்கத் தொட்டிக்கு முன்னால் குட்டை. குட்டை வந்துவிட்டால் தொட்டிக்கு வரும் தண்ணீரே குறைகிறது.

செயல்திட்டத்தை ஒரே செமஸ்டருக்குள் அடைப்பது இந்த வகை வேலைக்குப் பொருந்தாது. கழுவுவது வாரக் கணக்கு, மழை பருவக் கணக்கு, கிணறு ஆண்டுக் கணக்கு. கல்லூரி இப்போது மூன்றாம் ஆண்டு மாணவர் இருவரை இறுதியாண்டுக் குழுவோடு சேர்த்து அனுப்புகிறது. மூத்தவர்கள் போனாலும் களத்தை அறிந்த இருவர் மிஞ்சுவார்கள்.

முடியாமல் நிற்பது தொட்டியில் தங்கும் உப்பு. ஆண்டுக்கு 6 டன் வரை சேரும், பொட்டாசியமும் சோடியமும் டேனினும் கலந்த கரும்பழுப்புச் சேறு. காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும் என்பதால் சாதாரணச் சாக்கில் வைக்க முடியாது. இப்போதைக்கு உள்தாள் போட்ட பைகளில், கூரையுள்ள சிமெண்ட் மேடையில் எடைபோட்டு அடுக்குகிறார்கள். அதிலிருந்து பொட்டாஷைச் சோடியத்திலிருந்து பிரித்தெடுக்க முடியுமா, பிரித்தால் எத்தனை தோட்டங்களுக்குக் கொடுக்கலாம் என்பதை அடுத்த குழு எடுத்திருக்கிறது. முதல் வேலையாக மேடையில் இருக்கும் ஒவ்வொரு பையிலிருந்தும் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள்.